கிட்டான் செதுக்கிய கை

இவ்வளவு வழவழப்பான காகிதத்தில் எவனாவது பசியைப் பற்றி அச்சடிப்பானா என்று நினைத்துக்கொண்டார் சென்னியப்பன். விரல் வைத்தால் வழுக்கியது. புத்தகம் மடியில் செங்கல் போலக் கிடந்தது. செங்கல்லாக இருந்தாலாவது எறிவதற்கு உதவும். கல்யாணப் பரிசுக்குக் கட்டுவது மாதிரி குறுக்கே ஒரு சிவப்புப் பட்டு நாடா. சிவப்பு! சிவப்பைக் கடைசியில் இப்படி நாடாவாக்கி இரண்டு விரல் அகலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். கிட்டான் கவிதைகளும் படங்களும் என்று அட்டையில் போட்டிருந்தது. கவிதைகள் சரி, அவற்றை மலிவுக் காகிதத்தில் துண்டறிக்கையாக அச்சடித்து ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்குக் கேட்டு நின்று கொடுத்தவர் அவர்தான். படங்கள் எங்கே வந்தன? யாரைக் கேட்டு வந்தன? மேடையில் பேசிக்கொண்டிருந்த பேராசிரியை நப்பின்னை, கிட்டான் செத்துப் பல வருஷம் கழித்து அவன் தங்கை வீட்டுப் பரணில் அவன் படம் செதுக்கிய அச்சுக் கட்டைகளைக் கண்டெடுத்தாராம். பரணில் கிடந்ததைப் பரணில் விட வேண்டியதுதானே. முழங்கால் இரண்டும் விறைத்துவிட்டன. பீளமேட்டுக் கல்யாண மண்டபத்தின் மாடியில் இந்தச் சின்ன அரங்கைக் குளிரூட்டி வைத்திருந்தார்கள், அந்தக் குளிர் முன்வரிசை மூலையில் உட்கார்ந்திருக்கிற கிழவனின் முழங்காலைத் தேடி வந்து விழுந்தது. முன்வரிசை என்றால் எப்போதும் இதுதான். தடியடியும் முதலில் அங்கேதான், குளிரும் முதலில் அங்கேதான். ஜன்னலுக்கு வெளியே பவளமலை மில் இருந்த இடம் தெரிந்தது. மில் இல்லை. ஏழு மாடிக் கடைத்தொகுதி நின்றது, அதில் ஒரு கடையில் அவருடைய மகன் செல்போனுக்கு உறை விற்கிறான். உறை. போனுக்குச் சட்டை. நூல் நூற்ற இடத்தில் போனுக்குச் சட்டை போடுகிறான் சென்னியப்பன் பெற்ற பிள்ளை. அப்பனிடம் ஒருநாள் கேட்டான், அந்தக் கேட் எங்கேப்பா இருந்துச்சு, கீழ பார்க்கிங் வாசல் இருக்கே அங்கயா என்று. அங்கேதான். இப்போது கார்கள் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைகிற அந்த இடத்தில்தான் சென்னியப்பன் கையைத் தூக்கினார்.

அடுத்து அவர் பேச வேண்டும். பேச்சு தயாராகவே இருந்தது, நாற்பது வருஷமாகத் தயாராக இருக்கிற பேச்சு. பவளமலை மில்லின் கிழக்கு கேட். ஆயிரம் பேர். வேலைநிறுத்தத் தீர்மானத்தைத் தலைவர் பரமேசுவரன் மாட்டுவண்டி மேல் ஏறி நின்று வாசித்து முடித்தார், ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார், ஒரு கைகூட எழவில்லை. மானேஜர் பங்களா மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், எந்தக் கை எழுகிறதோ அந்தக் கைக்கு நாளை வேலை இல்லை. அப்போது நான் தூக்கினேன், என்பார் சென்னியப்பன். இந்தக் கை, என்று வலது கையைத் தூக்குவார். பின்னால் சிரித்தார்கள் தோழர்களே, ஆயிரம் பேர் சிரித்தார்கள், நான் இறக்கவில்லை. இந்த இடத்தில் நிறுத்த வேண்டும், கூட்டம் மூச்சை அடக்கும். சிரிப்பு அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். கைக்காடு! இங்கே கைதட்டல் விழும், ஒருநாளும் பொய்த்ததில்லை. அந்தக் கையைப் பற்றித்தான் கிட்டான் எழுதினான். கேட்டுக்கு முன்னால் ஆயிரம் வாய் பூட்டிக்கிடந்தது, ஒரு கை எழுந்தது, பூட்டு தானாகவே திறந்துகொண்டது. முதல் கை என்று தலைப்பு. அன்றிலிருந்து சென்னியப்பனுக்கும் அதுவே பேராயிற்று. முதல் கை சென்னியப்பன். கட்சி இரண்டு முறை உடைந்தது, இரண்டு பக்கமும் அவரை முதல் கை என்றே கூப்பிட்டது. சங்கக் கட்டடத்தை விற்றுத் தின்றார்கள், தின்றவர்கள்கூடக் கல்யாணப் பத்திரிகையில் முதல் கை சென்னியப்பன் முன்னிலை வகிக்க என்று போட்டார்கள். பென்ஷன் இல்லை, பல் இல்லை, பெஞ்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த இரண்டு வார்த்தை இருக்கிறது. இதை எவனும் விற்க முடியாது, இடித்துவிட்டுக் கடைத்தொகுதி கட்ட முடியாது.

“ஏனுங்ணா, காப்பி குடிக்கலீங்களா? ஆறிப்போச்சாட்டிருக்குது.” பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. திரும்பாமலே தெரிந்தது, மயிலாத்தாள். காகிதக் குவளையை அவர் தோளுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தாள், இடது கையால். மில்லில் பஞ்சைச் சீவுகிற கார்டிங் மிஷினுக்கு அடியில் கழிவுப் பஞ்சு பொறுக்குகையில் வலது கையில் மூன்று விரலை மிஷின் எடுத்துக்கொண்ட பிறகு அவள் எதையும் இடது கையால்தான் கொடுப்பாள், வாங்குவாள். அந்த வலது கை எப்போதும் முந்தானைக்குள்ளேயே இருக்கும். பீச்சாங்கை என்று மில்லே கூப்பிட்டது. கேட்டுக்கு வெளியே முறுக்கு விற்கிறவன் அவள் கையிலிருந்து காசு வாங்க மாட்டான், தட்டில் வை என்பான். “எனக்கு வேண்டாம், நீ குடி,” என்றார் சென்னியப்பன். “நானா? ரெண்டு குடிச்சாச்சு. பிஸ்கோத்துந் தின்னாச்சு. கிட்டண்ணன் பேரச் சொல்லி இதாச்சுங் கெடச்சுதே. உசுரோட இருந்தப்ப ஒரு பீடி வாங்கித் தந்திருக்குமா அந்த மனுசன்?” பக்கத்தில் யாரோ உஷ் என்றார்கள். “நீங்க ஏனுங் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கறீங்? பொன்னாட போடுவாங்கள்ல, நல்லா சிரிச்சாப்பல இருங்.” இவளுக்கு எல்லாமே வேடிக்கை. ஆயிரம் பேரில் மீதி இருப்பது இப்படி நாலைந்து பேர், அதில் ஒருத்தி பிஸ்கோத்துக்கு வந்திருக்கிறாள். குளிர்ந்த காப்பியை வாங்கிக் காலடியில் வைத்தார். மேடையில் நப்பின்னை ஒரு பொத்தானை அழுத்த, பின்னால் திரையில் ஒரு படம் பெரிதாக வந்து நின்றது.

பூனை. அடுப்புக்குள் சுருண்டு தூங்குகிற ஒரு பூனை, கறுப்பில் வெள்ளையாக வெட்டியது. பக்கத்தில் கிட்டானின் கவிதை, பஞ்சப்படி கேட்டு எழுதியது, இடியும் மின்னலுமாக முஷ்டி உயர்த்துகிற கவிதை. அதற்குப் பூனைப் படம்! கவிதை கோபப்படுகிறது, படம் தூங்குகிறது, என்றார் நப்பின்னை. ஆனால் அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் எத்தனை நாளாக உலை வைக்கவில்லை என்று நமக்குத் தெரியும், கவிதை கத்திச் சொன்னதைப் படம் வாயை மூடிக்கொண்டு சொல்கிறது, இந்த மனிதர் தன் கவிதைக்குப் படம் போடவில்லை, கவிதையோடு வாதாடியிருக்கிறார். கூட்டம் தலையாட்டியது. சென்னியப்பனுக்கு எரிந்தது. வாதாடினானாம். அவன் என்ன வாதாடினான், யாரோடு வாதாடினான், அந்தச் சங்க அச்சாபீஸில் இருந்தது நானா இந்த அம்மாளா? படம் எதற்கு என்று ஒரே கேள்விதான் அவர் கேட்டது, கடைசிவரை கேட்டது. அரைப் பக்கம் படம் போட்டால் அரைப் பக்கம் கோரிக்கை போய்விடும். கோரிக்கை பதினொன்று இருக்கிறது, பூனையை எங்கே படுக்கவைப்பது? படம் பார்க்க வருகிறவன் சினிமாக் கொட்டகைக்குப் போகட்டும், சங்கத்துக்கு வருகிறவன் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். சென்னியப்பன் அப்படிப் படித்தவர்தான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, எந்தப் பேராசிரியருக்கும் கைகட்டி நின்றதில்லை, துண்டறிக்கையின் தலைப்பெழுத்தில் ஆரம்பித்து ஒவ்வோர் எழுத்தாகக் கையால் தடவித் தடவிக் கற்றவர். அப்படிக் கற்றவனுக்குத்தான் தெரியும் ஓர் எழுத்தின் விலை. படத்துக்கு என்ன விலை? மானேஜர் பங்களாவில் கிழிந்துபோனதென்று குப்பையில் எறிந்த தரைவிரிப்பு, ரப்பர் மாதிரி இருக்கும், லினோ என்பார்கள், அதைப் பொறுக்கிவந்து சதுரம் சதுரமாக அறுத்துக் கட்டையில் ஒட்டிவைப்பான் கிட்டான். குடைக்கம்பியைத் தேய்த்து உளி பண்ணிக்கொண்டான். நூல் நூற்கிற ரிங் பிரேமில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்து அதைச் செதுக்குவான், சுருள் சுருளாக உதிரும், சங்க அச்சாபீஸ் தரையெல்லாம் அந்தச் சுருள். பெருக்கினது யார்? சென்னியப்பன்தான் பெருக்கினார்.

கவிதை கொண்டுவருவான், சென்னியப்பன் திருத்துவார். அது ஒழுங்கு. நிலா என்று வந்தால் அடிப்பார், கண்ணே என்று வந்தால் அடிப்பார், ஆள் பேர் வந்தால் கட்டாயம் அடிப்பார். தனி ஆளைப் பாடாதே, இன்றைக்கு நம்மோடு இருப்பவன் நாளைக்கு மேஸ்திரி ஆவான், அப்போது உன் கவிதையை என்ன செய்வாய்? கை என்று போடு, யார் கை என்று போடாதே. எல்லார் கையும் அதுதான். அதுதான் கொள்கை. கிட்டான் மறுத்துப் பேச மாட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிப்பான். ஒருநாள் மட்டும், ஒரு கட்டையை முழங்காலில் வைத்து ஊதி ஊதிச் செதுக்கிக்கொண்டே சொன்னான். “எழுதுனா நீங்க திருத்தறீங் தோழர். இதத் திருத்த முடியாதுங்க பாருங்க. ஒருக்கா வெட்டுனா வெட்டுனதுதான்.” சென்னியப்பன் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார், பதிலுக்குக் கிண்டலும் செய்தார், ஏனென்றால் அவன் முதல் படம் அப்போதுதான் மானத்தை வாங்கியிருந்தது. ஊர்வலப் படம். கொடியில் சங்கம் என்று எழுத்தைச் செதுக்கியிருந்தான். கட்டையில் எப்படித் தெரிகிறதோ அதற்கு மாறாகத்தான் காகிதத்தில் விழும், இடம் வலமாகும், வலம் இடமாகும், எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். மறந்துவிட்டான். அச்சில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைமாறி விழுந்தது. ஏண்டா கிட்டான், சங்கத்தையே திருப்பிப் போட்டுட்டியே, முதலாளி உனக்கு எவ்வளவு குடுத்தான் என்று கேட்டார் சென்னியப்பன். அச்சாபீஸே சிரித்தது. அவனும்தான் சிரித்தான். கிட்டானும் அவரைச் சும்மா விட்டதில்லை. சென்னியப்பன் நின்றால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், தோளில் துண்டு, கை பின்னால். லத்தி பிடிக்கிறவன் நிக்கிறாப்பல நிக்கிறீங் தோழர், ஸ்டேஷன்ல அடி வாங்குனதுல அவனுக பழக்கம் ஒட்டிக்கிச்சா என்பான். பேச்சுக்குப் பேச்சு. அதில் பகை என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. இருந்ததா?

திரையில் படம் மாறியது. மழைக் கவிதைக்கு ஒற்றைச் செருப்பு. மாறியது. மே தினக் கவிதைக்கு மிஷின் தெரியாமல், கொடி தெரியாமல், காதில் பஞ்சு அடைத்த ஒருத்தியின் பக்கவாட்டு முகம். கவிதை சொல்லாமல் விட்டதைத்தான் இவர் எப்போதும் வெட்டுகிறார், என்று சொல்லிக்கொண்டிருந்தார் நப்பின்னை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு பேச்சு முழுசாகிறது. இப்போது எல்லாருக்கும் தெரிந்த கவிதைக்கு வருவோம். நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். தலைகள் திரும்பின. சென்னியப்பன் முதுகை நிமிர்த்தினார், மயிலாத்தாள் சொன்னது நினைவு வந்து, வேண்டாவெறுப்பாக உதட்டையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். முதல் கை. திரையில் படம் விழுந்தது, அதை அவர் இதுவரை பார்த்ததில்லை. பின்னாலிருந்து பார்த்த கூட்டம். கிட்டான் அன்று டீக்கடைச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான், ஆமாம், அங்கிருந்துதான் பார்த்திருப்பான். அடர்ந்த கறுப்பில் தலை, தலை, தலை. தூரத்தில் கேட். தலைகளுக்கு நடுவே, முன்வரிசையில் இல்லை, நட்ட நடுவே, வெள்ளையாக ஒரே ஒரு கை. கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று பாருங்கள், என்றார் நப்பின்னை, இது இடது கை. இடதுசாரி இயக்கத்தின் குறியீடாக கிட்டான் தெரிந்தே இதை இடது கையாக அமைத்திருக்கிறார் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன்.

இடது கை. என்ன உளறுகிறாள். சென்னியப்பன் நாடாவை இழுத்துப் புத்தகத்தைப் பிரித்தார், பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, பூனை வந்தது, செருப்பு வந்தது, கை வந்தது. கட்டைவிரல். தன் வலது கையைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டு இடது கையை வைத்துப் பார்த்தார். இடது கைதான். நான் தூக்கினது வலது கை. வலது கையைத்தானே எவனும் தூக்குவான், பீச்சாங்கையை யார் தூக்குவார்கள். அங்கேயே நின்றது நினைப்பு, அந்தச் சொல்லில் முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. பீச்சாங்கையை யார் தூக்குவார்கள். இல்லை, இல்லை, இரு. கட்டை! கட்டையில் செதுக்கினது காகிதத்தில் மாறி விழும். மடையன், இங்கேயும் மறந்துவிட்டான், வலது கையைச் செதுக்கியிருக்கிறான், அது இடது கையாக விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். சென்னியப்பனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. குறியீடாம். முன்னுரையில் எழுதினாளாம். மேடைக்குப் போனதும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும், அம்மா, நீங்க நல்லாப் படிச்சிருக்கீங்க, ஆனா அச்சாபீஸ் தரையைப் பெருக்கினதில்லை. கைதட்டல் அள்ளும். இன்னும் ஒருமுறை படத்தைப் பார்த்தார், இம்முறை ஆசையாக, தன் கையைப் பார்க்கிற ஆசையோடு. கேட்டுக்கு மேலே ஒரு பலகை. பலகையில் எழுத்து. கிழக்கு வாசல். நேராக இருந்தது. கி-யும் நேர், ழ-வும் நேர், ஒவ்வோர் எழுத்தும் படிக்கிற மாதிரி நேர். எழுத்தைத் திருப்பிச் செதுக்கியிருக்கிறான். மறக்கவில்லை. ஒருமுறை சிரித்தோமே, அதன்பிறகு மறக்கவே இல்லை, எல்லாவற்றையும் திருப்பி, கணக்குப் பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்தில் வைத்து வெட்டியிருக்கிறான். எழுத்து நேர் என்றால் கையும் நேர்.

எழுத்தை ஏன் படிக்கக் கற்றுக்கொண்டோம் என்றிருந்தது. கண் எடுக்க முடியவில்லை. கேட்டுக்கு அருகே, முன்வரிசையில், ஒரு முதுகு. தோளில் துண்டு, துண்டின் கரைக்குக்கூட இரண்டு கோடு இழுத்திருந்தான் பாவி. கைகள் இரண்டும் பின்னால் கட்டியிருந்தன. லத்தி பிடிக்கிறவன் நிற்பது மாதிரி. நகத்தளவு உருவம்தான், வேறு எவனுக்கும் தெரியாது, திரையில் அவ்வளவு பெரிதாக விழுந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை, உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், ஒருவன் செத்துவிட்டான். துரோகி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாயா? மேடை மேடையாக நான் அதைப் பேசினபோது கீழே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைதட்டினாயே. இந்தக் கை என்று நான் தூக்கும்போதெல்லாம் நீ எந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? கவிதையை என்னிடம் கொடுத்தாய், நான் அடித்தேன், யார் கை என்று போடாதே என்றேன், அந்த இடம் காலியாக நின்றது, ஊர் என்னைத் தூக்கி அதில் உட்கார வைத்தது, நீ பேசாமல் இருந்தாய். பேசாமல் போய் ரப்பரில் வெட்டிப் பரணில் போட்டுவிட்டுச் செத்தாய். கவிதை எனக்கு, படம் அந்தப் பீச்சாங்கைக்கு என்று பாகம் பிரித்தாயா? நேருக்கு நேர் சண்டை போடத் தெரியாத பயல். நான் கை தூக்கவில்லையா? தூக்கினேன். சத்தியமாகத் தூக்கினேன், தோள் வலித்தது, வியர்வை அக்குளில் வழிந்தது, அதெல்லாம் பொய்யா? பின்னால் சிரித்தார்கள். அது பொய்யா? அந்தச் சிரிப்பு இன்னும் பிடரியில் இருக்கிறது. சிரித்தார்கள், எனக்கு ரோஷம் வந்தது, ரோஷத்தில்தான் கை விறுவிறென்று, சிரித்தார்கள், கை, முதலில் சிரித்தார்கள். ஒரே கணம்தான், இரண்டும் ஒன்றாக நடந்தது, இல்லை, ரோஷம் வந்தது என்றால் சிரிப்பு முதலில். தூக்காத கையைப் பார்த்து ஆயிரம் பேர் எதற்குச் சிரிப்பார்கள்? முன்னால் நிற்கிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. நாற்பது வருஷம் அந்தச் சிரிப்பைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன், அது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“மயிலாத்தா.” திரும்பாமல்தான் கூப்பிட்டார்.

“என்னுங்ணா, காப்பி வேணுங்களா?”

“அன்னிக்கு எதுக்குச் சிரிச்சாங்க?”

“என்னிக்குங்?”

“கேட்டு முன்னால. ஸ்டிரைக்குக்குக் கை தூக்கினமே.”

“அட, அதுங்களா.” பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது, அவள் முன்னால் சாய்ந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வந்தாள், பிஸ்கோத்து வாசம் வந்தது. “நான் இந்தக் கையத் தூக்கிப்போட்டேனுங். வேற எதத் தூக்கறது? நூல் சுத்தற ரீலிங்ல செல்லாத்தா இருந்தால்லங், வாயாடி, அவொ, பீச்சாங்கையில போட்ட தீர்மானம் எப்படிடி வெளங்கும்னா. அம்புட்டுத்தான், கொல்லுனு சிரிச்சுப்போட்டாங்க. நானுந்தான் சிரிச்சேன். தலைவரு வண்டி மேல இருந்து என் கையப் பாத்தாரு, வேண்டாங்கறாப்பல தலைய ஆட்டிட்டாரு, அப்பறம் உங்க கை எந்திரிச்சுதுங்களா, அங்கிருந்து எண்ண ஆரம்பிச்சாரு. ஏனுங்ணா, உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்கதானுங் ஊரூராப் போயி சிரிச்சாங்க சிரிச்சாங்கன்னு சொன்னது.”

“இந்தப் படம்...”

“இது எங்கூட்டுல இருந்துதுங்கோ! கிட்டண்ணன் அப்பவே ஒண்ணு அடிச்சுக் குடுத்துது. அடுப்புக்கு மேல ஒட்டிவெச்சிருந்தேன். பொகையில கறுத்துக் கறுத்து, கை மட்டுந்தான் தெரிஞ்சுது, அப்பறம் அதுந் தெரியல. கரப்பான் தின்னுபோட்டுது.” அவள் மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவ்வளவுதான் அவளுக்கு. அவள் ஆத்திரப்பட்டிருந்தால் பதில் சொல்லலாம், உரிமை கொண்டாடியிருந்தால் கட்சிக் கட்டுப்பாடு என்று வாயை அடைக்கலாம். கரப்பான் தின்றுவிட்டதாம். அவர் உயிரை வைத்திருந்த இரண்டு வார்த்தையை அவள் வீட்டுக் கரப்பான் தின்று செரித்திருக்கிறது, அவள் அதைக் கதையாகச் சொல்கிறாள். சென்னியப்பனுக்கு அவள்மேல் வந்த வெறுப்பு மானேஜர்மேல்கூட வந்ததில்லை. ஒலிபெருக்கியில் யாரோ சொன்னார்கள், அடுத்ததாக நாம் எல்லோரும் காத்திருந்த தருணம், முதல் கை தோழர் சென்னியப்பன் அவர்கள். எழுந்தார். முழங்கால் நொடித்தது, காலடியில் வைத்திருந்த காப்பி கவிழ்ந்து தரையில் ஓடியது, ஒருவர் வந்து கையைப் பிடித்தார், உதறினார். மேடைக்கு மூன்று படி. இரண்டாவது படியிலேயே முடிவு செய்துவிட்டார்.

“அம்மா நல்லாப் பேசினாங்க,” என்றார் ஒலிபெருக்கியில். “நிறையப் படிச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு, அவங்க அச்சாபீஸ் தரையைப் பெருக்கினதில்ல.” சிரிப்பு. “கட்டையில வெட்டினது காகிதத்துல மாறி விழும். இடது வலதாகும், வலது இடதாகும். கிட்டான் அதை மறந்துருவான். அவன் மொதப் படத்துல சங்கங்கிற எழுத்தே தலைமாறி விழுந்தது, நானே சாட்சி. இது இடது கை இல்லை. இந்தக் கை.” தூக்கினார், வலது கையை. கைதட்டல் அள்ளியது. நப்பின்னை முகம் சிவந்து, பிறகு சிரித்து, நன்றி ஐயா, அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன் என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எழுதிக்கொண்டார். அவர் பின்னால் திரையில் கிழக்கு வாசல் என்ற எழுத்து ஆள் உயரத்துக்கு நேராக நின்றது. ஒருவர்கூடப் படிக்கவில்லை. படித்தவர்கள்! சென்னியப்பன் கையை இறக்கினார். ஜெயித்துவிட்டார். திருத்த முடியாது என்றாயே கிட்டான், பார், அடுத்த பதிப்பிலேயே திருத்துகிறார்கள். வாயில் கசந்தது, பித்தம்போல. மீதிப் பேச்சைப் பேசினார், சிரித்தார்கள் என்று வந்த இடத்தைச் சொல்லாமலே தாண்டிப் போனார், கைக்காடு வந்தது, கைதட்டல் வந்தது. கூட்டத்தில் மயிலாத்தாளும் தட்டிக்கொண்டிருந்தாள், இடது உள்ளங்கையால் தன் தொடையில்.

இன்னும் தீர்மானம் பாக்கி. பழைய சங்க வழக்கப்படி தீர்மானம் இல்லாமல் கூட்டம் முடியாது, இரங்கல் கூட்டமானாலும் முடியாது, கடைத்தொகுதிக்குப் போகிற தெருவுக்குக் கிட்டான் பெயர் வைக்கச் சொல்லி மாநகராட்சியைக் கேட்கும் தீர்மானத்தை அவர்தான் முன்மொழிய வேண்டுமென்று பதிப்பகத்தார் கேட்டிருந்தார்கள். தீர்மானம் என்று வந்துவிட்டால் சென்னியப்பன் வேறு ஆள். கை எண்ணத் தெரியாதவன் சங்கம் நடத்தக் கூடாது என்று எத்தனை கிளைச் செயலாளர்களைக் கிழித்திருக்கிறார். முன்வரிசையிலிருந்து எண்ணாதே, தெரிந்த மூஞ்சியிலிருந்து எண்ணாதே, எந்தக் கை முதலில் எழுந்ததோ அங்கே விரலை வை, அங்கிருந்து எண்ணு, பயந்தவன் நாட்டில் முதல் கைக்குத்தான் மதிப்பு. முப்பது வருஷம் அப்படித்தான் எண்ணினார், ஒருமுறை பிசகினதில்லை, அவர் மூளைக்கு முன்னால் அவர் விரலுக்கு அது தெரியும். தீர்மானத்தை வாசித்தார். தெரு, கிட்டான், மாநகராட்சி. எதிரே கூட்டம் அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, எல்லா முகமும் தெரிந்தது, ஒருவர் முதுகும் இல்லை. “ஆதரிக்கிறவங்க கை...” என்றார். தூக்குங்க என்று முடிப்பதற்கு முன்னாலேயே இரண்டாம் வரிசையில் ஒரு கை எழுந்துவிட்டது. யாரையும் பார்க்காமல், எதையும் யோசிக்காமல், காப்பி நீட்டின அதே இடது கை. மற்றவர்கள் பையைக் கீழே வைத்துக்கொண்டும் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். இறக்குடி, என்று சென்னியப்பன் பல்லைக் கடித்தார், செத்துத் தொலை, இறக்கு. அவர் வலது கை அதற்குள் எழுந்துவிட்டிருந்தது. சுட்டுவிரல் நீண்டு, நேராக, நடுக்கம் இல்லாமல் அவளைத் தொடுவது போலப் போய் நின்றது.

“ஒண்ணு,” என்றது ஒலிபெருக்கி.